மாப்பிள்ளையின் விரல்

மாப்பிள்ளையின் சுட்டுவிரல் மயக்க டாக்டரின் கையோடு வந்துவிட்டது.

வேண்டுமென்று பிடுங்கவில்லை. விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கொஞ்சம் திருகினார். கிளிப் திரும்பவில்லை, விரல் திரும்பியது. ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று, அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். இருபத்தாறு வருடங்களாக எத்தனையோ ஆயிரம் பேரைத் தூங்க வைத்துத் திரும்ப எழுப்பிய கை அது. அந்தக் கையில் இப்போது அடுத்தவருடைய விரல் இருந்தது. அதே நொடியில் மானிட்டர் மூச்சு விடாமல் நீளமாக ஊதியது. விரலைப் பறிகொடுத்த துக்கம் தாளவில்லையோ என்னவோ, மாப்பிள்ளை செத்துப்போனார்.

மாப்பிள்ளை என்பது ஒரு பொம்மை. ஆள் உயரம், ரப்பர் தோல், உள்ளே குழாயும் கம்பியும் மோட்டாரும். மூச்சு விடும், கண் சிமிட்டும், கையைப் பிடித்தால் நாடி துடிக்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் மனது வைத்தால் "ஐயோ டாக்டர்" என்று அலறவும் செய்யும். அது ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து நடந்த உபசாரத்தைப் பார்த்துவிட்டு வார்டு ஆட்கள் வைத்த பெயர்தான் மாப்பிள்ளை. தனி அறை, தனி ஏசி. வெயில் படக்கூடாது, தூசி விழக்கூடாது, கை கழுவாமல் தொடக்கூடாது. ரத்தமும் சதையுமாக வந்தவர்கள் வராந்தாவில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிக்க மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஜம்மென்று படுத்திருந்தார்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்கள் அத்தனை பேரும் இனி வருடத்துக்கு ஒரு முறை மாப்பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துக் காட்ட வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. எப்படிக் கொடுக்கிறார்கள், ஏதாவது ஏடாகூடமானால் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். உத்தரவைப் படித்துவிட்டு மயக்க டாக்டர் ஓய்வறையே அதிரச் சிரித்தார். "இருபத்தாறு வருஷம் மனுஷங்களுக்குப் பண்ணியாச்சு. இப்ப ரப்பர்கிட்ட நல்ல பேர் வாங்கணுமாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய ஜோக்குக்கு எல்லோரும் சிரிப்பார்கள். அது அந்த ஆஸ்பத்திரியின் எழுதப்படாத விதிகளில் ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை உள்ளே போனபோதும் அவர் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போனார். கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்ததும் இன்னும் குஷியாகிவிட்டார். நாற்பத்திரண்டு வயது ஆண், பித்தப்பையில் கல், வயிற்றுக்குள் காற்று ஏற்றித் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன். வியாழக்கிழமை அவருடைய சொந்த மச்சினனுக்கு நடக்கப்போவதும் இதேதான். அதே வயது, அதே கல். மயக்கம் கொடுக்கப்போவதும் இவரேதான்.

"என் மச்சானுக்கு ஒத்திகையே ஏற்பாடு பண்ணிட்டீங்களா? ரொம்ப நன்றி" என்று கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"டாக்டர், எனக்குப் பயமா இருக்கு" என்றது மாப்பிள்ளை, ஆபரேட்டரின் குரலில்.

"பயப்படாதீங்க. என் கையால தூங்கினவங்க இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து புகார் சொன்னதில்ல" என்றார் மயக்க டாக்டர். இருபத்தாறு வருடமாகச் சொல்லிவரும் வசனம். எல்லாம் முறைப்படி நடந்தது. ஊசி போட்டார், மாப்பிள்ளை கண்ணை மூடினார். தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் குழாயை இறக்கினார், இரண்டு பக்கமும் காற்று போகிறதா என்று பார்த்தார். போனது. ஆபரேஷன் டாக்டராக நடித்தவர் வயிற்றில் காற்றை ஏற்றினார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வயிற்றில் காற்று ஏறும்போது அது நுரையீரலை மேலே தள்ளும். அப்போது, நன்றாக இருந்த குழாயின் நுனி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவதுண்டு. இரண்டு நுரையீரலுக்கும் போகவேண்டிய காற்று ஒன்றுக்கு மட்டும் போகும். நெஞ்சில் ஒரு பக்கம்தான் ஏறி இறங்கும். கண்ணால் பார்த்தாலே தெரியும். குழாயை ஒரு விரற்கடை பின்னால் இழுத்தால் போதும், சரியாகிவிடும். இதை மயக்க டாக்டரே மாணவர்களுக்குப் போர்டில் படம் போட்டுப் பாடம் எடுத்திருக்கிறார், இரண்டு கலர் சாக்பீஸில்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றெட்டிலிருந்து தொண்ணூற்று நாலுக்கு இறங்கியது. மயக்க டாக்டர் உடனே விரலைப் பார்த்தார்.

அதற்கும் காரணம் உண்டு. அவர் வழக்கமாக வேலை செய்கிற இரண்டாம் நம்பர் தியேட்டரில், ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் கிளிப் பதினோரு வருடமாக லூஸ். பிளாஸ்திரி சுற்றி வைத்திருப்பார்கள். அளவு இறங்கினால் பத்துக்கு ஒன்பது தடவை கிளிப்தான் நழுவியிருக்கும். விரலைத் தேய்த்துச் சூடுபடுத்தி, கிளிப்பை அழுத்தி மாட்டினால் எண் தானாக ஏறிவிடும். பதினோரு வருடத்தில் அவருடைய கைக்கு அது ஒரு பக்தியாகவே ஆகிவிட்டது. எண் இறங்கினால் கை தானாக விரலுக்குப் போகும்.

போனது. மாப்பிள்ளையின் விரலைத் தேய்த்தார். ரப்பரைத் தேய்த்தால் சூடு ஏறும், ஆக்சிஜன் ஏறுமா? தொண்ணூறு. "மாப்பிள்ளைக்கு விரல் ஜில்லுனு இருக்கு, ஏசிய குறைங்கப்பா." எண்பத்து நாலு. கிளிப்பைக் கழற்றி நடுவிரலில் மாட்டினார். நடுவிரலில் சென்சாரே கிடையாது என்பதால் எண் மறைந்தே போனது. "பாத்தீங்களா, கிளிப் ஃபால்ட்டு" என்று கண்ணாடியைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தார். திரும்பச் சுட்டுவிரலுக்கே வந்தார். அறுபத்தெட்டு. இதயத்துடிப்பு நொண்ட ஆரம்பித்தது. அவர் கிளிப்பை இறுக்கித் திருகினார்.

மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

தேர்வு முடிந்ததும் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். மேஜைமேல் ஒரு தட்டில் பிஸ்கட், பக்கத்தில் டிஷ்யூ பெட்டி. அழுகிறவர்களுக்கு டிஷ்யூ, அழாதவர்களுக்கு பிஸ்கட் போலிருக்கிறது. மயக்க டாக்டர் பிஸ்கட் எடுத்துக்கொண்டார். மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தார். சின்ன வயது. எதைச் சொன்னாலும் புண்படாமல் சொல்ல வேண்டும் என்று தனிப்பயிற்சி எடுத்தவர்.

"உங்களுக்கு எப்படி இருந்தது சார்?"

"விரல் கழண்டு வந்த மாதிரி இருந்தது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வீடியோவை ஓட விட்டார்.

மயக்க டாக்டர் தன்னை இதுவரை கல்யாண வீடியோவில்தான் பார்த்திருந்தார், அதிலும் சாப்பிடுகிற மாதிரி. இதில் ஒரு வழுக்கை மனிதர், ஓயாமல் பேசிக்கொண்டு, ஒரு பொம்மையின் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது. அதற்குக் கீழே எண் இறங்கியது. மனிதர் ஜோக் அடித்தார், எண் இறங்கியது. இன்னொரு ஜோக், இன்னும் இறங்கியது. உதவிக்கு நர்ஸாக நடித்த பெண் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். நாலு நிமிடம் பத்து நொடி. அத்தனை நேரத்தில் அந்த வழுக்கை மனிதர் ஒரே ஒரு தடவைகூட நிமிர்ந்து மாப்பிள்ளையின் நெஞ்சைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பலகை மாதிரி அசையாமல் கிடந்தது. இப்போது பார்த்தால் ஊருக்கே தெரிகிறது.

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"உதவியாளர், நீங்க சொன்னத மட்டும்தான் செய்வாங்க சார். அவங்களா எதையும் சொல்லக்கூடாதுன்னு விதி. நாங்க மதிப்பிடறது உங்களத்தானே."

"சரிம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது நெஜ ஆளா இருந்தா செத்திருப்பானா?"

"சார், இது ஒரு பாதுகாப்பான கற்றல் சூழல்."

"எனக்குப் பாதுகாப்புதான். அவனுக்கு?"

"நாங்க அந்த மாதிரி கேள்விய வைக்கறதில்ல சார். இங்க பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. முதல் வருஷம் வெறும் பழக்கத்துக்குத்தான். வழக்கம்போல நீங்க வேலைய தொடரலாம்."

தாளை நீட்டினார். 'மேம்பட வாய்ப்புள்ளது' என்று போட்டிருந்தது. ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான், கொன்றவனுக்கு மேம்பட வாய்ப்பு இருக்கிறதாம். செத்தவனுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது மனைவி கோட்டைத் துவைக்க எடுத்துப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். துழாவிய கை வெளியே வந்தது. கையைப் பார்த்தாள். கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள், எதைப் பார்த்தாலும் லேசில் கத்தமாட்டாள்.

"ஏங்க, இது யாரோடது?"

"மாப்பிள்ளையோடது."

"மிச்சம் எங்க?"

"செத்துட்டாரு."

அந்த நேரம் பார்த்து மச்சினன் உள்ளே வந்தான். ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா கையால் எண்ணெய் இல்லாத சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று ஒரு வாரமாக இங்கேதான் வந்துபோகிறான். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து யாரையும் ஒரு தெரு ஓட்ட வைத்துப் பார்த்தாலே இவன் தேறுவானா மாட்டானா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான் என்று பேர். மேஜைமேல் கிடந்த விரலைப் பார்த்ததும் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவன் மாதிரி விழித்தான்.

மயக்க டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். மறைத்துப் பழக்கமில்லை, ஜோக்காகச் சொல்லித்தான் பழக்கம். கிளிப்பை நடுவிரலில் மாட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்ததை நடித்தே காட்டினார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் வழக்கமாகச் சிரிப்பதைவிட அரை வினாடி தாமதமாகச் சிரித்தார்கள்.

"சரி, நேரா ஒரு கேள்வி. நெஜ ஆளா இருந்தா செத்திருப்பான்னு நினைக்கிறீங்களா?"

மனைவி விடைத்தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு நேத்து சரியா தூக்கமில்ல, அதான்."

"நான் நல்லா தூங்கினேன்."

"குறட்ட சத்தத்துல எனக்குத் தூக்கமில்ல. அப்ப உங்களுக்கும் இருந்திருக்காது." சிவப்புப் பேனாவால் யாருடைய விடையையோ குறுக்கே கோடு போட்டு அடித்தாள். முப்பத்துமூன்று மதிப்பெண் வாங்கியவனுக்கு, இரக்கம் பார்த்து இரண்டு கூட்டிப் போடமாட்டாள். புருஷனுக்கு மதிப்பெண் போட மட்டும் அந்தப் பேனா எழவில்லை.

"நீ சொல்லு மச்சான். வியாழக்கிழமை நான்தானே உனக்கு?"

"என்ன மாமா இப்படி கேக்கறீங்க? நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவல?" என்றான் மச்சினன். தண்ணீர் குடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான். "ஒரு சின்ன சந்தேகம் மாமா. சும்மா தெரிஞ்சுக்கத்தான். இந்த ஆபரேஷன, அந்த இடத்த மட்டும் மரத்துப்போக வெச்சு, ஆள முழிச்சுக்கிட்டே வெச்சிருந்து பண்ண முடியாதா?"

"எதுக்கு?"

"இல்ல, வேடிக்க பாக்கலாமேன்னு."

பிறகு மனைவி, தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, காய்கறி விலை கேட்கிற தொனியில் கேட்டாள்: "உங்ககூட மயக்கம் குடுக்கற இன்னொருத்தர் இருக்காரே, வாயே திறக்கமாட்டாரே, அவருக்கு வியாழக்கிழமை டூட்டி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

அந்தப் பேசாத டாக்டரும் மாப்பிள்ளையிடம் தேர்வு கொடுத்திருந்தார். எண் தொண்ணூற்று நாலுக்கு வந்ததும் குனிந்து நெஞ்சைப் பார்த்து, குழாயை ஒரு விரற்கடை இழுத்து, எண் ஏறியதும் நேராக வீட்டுக்குப் போய்விட்டாராம். பிஸ்கட்கூட எடுக்கவில்லையாம்.

புதன்கிழமை காலை மயக்க டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வாசல் காவலாளி வணக்கம் வைத்துவிட்டுத் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. ஆபரேட்டர் வராந்தாவிலேயே மடக்கினான்.

"சார், விரல் உங்ககிட்டயா இருக்கு? நேத்திலிருந்து கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடிட்டேன்."

"இந்தா. தம்பி, கண்ணாடிக்குப் பின்னால இருந்து எல்லாத்தையும் பார்த்தவன் நீ. நெஜ ஆளா இருந்தா..."

"சார், எனக்கு விரல் வந்துடுச்சு, அது போதும்" என்று ஆபரேட்டர் விரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவிட்டான். செத்த மாப்பிள்ளையை அவன் ஒரு பொத்தானை அழுத்தி எப்போதோ எழுப்பியிருந்தான். உலகத்தில் சில பேருக்குத்தான் அந்த வசதி.

மச்சினனுக்குக் கத்தி வைக்கப்போகிற டாக்டரைத் தியேட்டர் வாசலில் பிடித்தார். அவர் செருப்பை மாற்றிக்கொண்டே தோளில் தட்டினார்.

"விடுய்யா. பொம்மைக்கு என்ன தெரியும்? நாளைக்குக் காலைல எட்டு மணி, லேட் பண்ணாம வந்துடு."

"இல்ல, நீ என்ன நினைக்கற? நான் பண்ணலாமா?"

"உன் மச்சான், உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்விங் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு இரண்டு தடவை ஆடிவிட்டு நின்றது.

மயக்க டாக்டருக்குக் கோபம்கூட வந்தது. ஒருவராவது 'ஆமாய்யா, செத்திருப்பான்' என்று சொல்லித் தொலைத்தால் சண்டையாவது போடலாம். 'நெஜ ஆளு அவ்வளவு சீக்கிரம் சாகமாட்டான், பொம்மைக்குத்தான் அவசரம்' என்று நேற்றிலிருந்து ஒரு நல்ல வாதம் தயாரித்து வைத்திருந்தார். அதை எடுத்து விடுவதற்கு ஒரு ஆள் அகப்படவில்லை. எல்லோரும் அவருக்கு வலிக்காமல் பேசினார்கள். இத்தனை வருடம் ஊருக்கே வலி தெரியாமல் செய்தவருக்கு, ஊர் சேர்ந்து திருப்பிச் செய்தது.

அப்போதுதான் டேப் சிஸ்டர் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நம்பர் தியேட்டரில் பதினெட்டு வருடம் அவர் பக்கத்திலேயே நின்ற நர்ஸ். போன மாதம்தான் முழங்கால் வலி என்று நிற்கிற வேலையை விட்டு, கருவிகளை நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்கிற அறைக்கு மாற்றிக்கொண்டு போயிருந்தார். டேப் சிஸ்டர் என்பது மயக்க டாக்டர் வைத்த பெயர்தான். தொண்டையில் இறக்கிய குழாய் நகராமல் வாயோரம் ஒட்டுகிற டேப் என்றால் சிஸ்டருக்குப் பைத்தியம். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று, "சார், குழாய்க்கு இன்னொரு டேப் ஒட்டட்டுமா?" என்பார். "விட்டா பேஷன்ட்டையே பார்சல் கட்டிடுவீங்க" என்று இவர் சொல்வார். தியேட்டரே சிரிக்கும். சிஸ்டரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

மத்தியானம் அந்த அறைக்குப் போனார். உள்ளே ஒரே வெக்கை. பெரிய இரும்புப் பெட்டி உஸ்ஸென்று நீராவி விட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பச்சைத் துணிகளை மூலை மூலையாகச் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். மாப்பிள்ளைய முடிச்சுட்டீங்களாமே."

"இங்கயும் வந்துடுச்சா செய்தி?"

"விரல்னு ஒருத்தர் சொன்னாங்க. தலையவே கழட்டிட்டீங்கன்னு இன்னொருத்தர். நான் விரல்னுதான் நம்பினேன்."

அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை நடித்துக் காட்டவில்லை. சிஸ்டர் மடித்துக்கொண்டே கேட்டார். தொண்ணூற்று நாலு என்றபோது மடிக்கிற கை கொஞ்சம் மெதுவாயிற்று. அறுபத்தெட்டு என்றபோது நின்றேவிட்டது.

"பக்கத்துல யாரும் இல்லையா சார்?"

"ஒரு பொண்ணு இருந்தா. மரம் மாதிரி நின்னா. நீங்களா இருந்தா அந்த நேரத்துலயும் டேப் ஒட்டட்டுமான்னு வந்து நின்னிருப்பீங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

மயக்க டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. போன வருடம் தொடை எலும்பு முறிந்து வந்த ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு வந்தாள். ஆபரேஷன் நடுவில் எண் இறங்கியது. இவர் விரலைத் தேய்த்துக்கொண்டு, கிளிப்பைப் பற்றி ஏதோ கிண்டல் செய்துகொண்டிருந்தார். "சார், குழாய் டேப் விலகுது, ஒட்டட்டுமா?" என்றார் சிஸ்டர். இந்த நேரத்தில் டேப்பா என்ற எரிச்சலோடு இவர் குழாய்ப் பக்கம் திரும்பினார். திரும்பியதால், குழாய் கொஞ்சம் அதிகமாக உள்ளே போயிருப்பது அதன்மேல் இருந்த அளவுக்கோட்டில் தெரிந்தது. கொஞ்சம் இழுத்தார். எண் ஏறியது. "கிளிப்ப சரி பண்ணினேன், எப்படி ஏறுது பாருங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சிஸ்டர் ஒரு துண்டு டேப்பைக் கிழித்து ஒட்டினார்.

"சிஸ்டர், அந்தத் தொட எலும்பு அம்மாவுக்கு, அன்னிக்கு டேப் விலகியிருந்ததா?"

"அப்ப வந்த டேப்பெல்லாம் ரொம்ப மட்டம் சார். ஈரம் பட்டா..."

"சிஸ்டர்."

"அந்தப் பொட்டியே சரியில்ல. நான்கூட ஸ்டோருக்கு எழுதிக் குடுத்தேன்."

"சிஸ்டர், டேப் வேணாம். நேரா சொல்லுங்க."

சிஸ்டர் மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்தார். அடுக்கு சரிகிறதா என்று ஒரு தடவை கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"விலகல சார்."

இரும்புப் பெட்டி நீராவியை விட்டு அடங்கியது.

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

"அந்தம்மாவுக்கு ஒரு பக்க நெஞ்சு அசையல. நீங்க விரலவே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"அத வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே? நான் என்ன கடிச்சுத் துப்பிடவா போறேன்?"

"சொன்னா நீங்க ஒரு ஜோக் அடிப்பீங்க சார். அடிச்சு, எல்லாரும் சிரிச்சு முடிக்க அர நிமிஷம் ஆயிடும். டேப்புன்னா கோவத்துல உடனே திரும்புவீங்க."

மயக்க டாக்டர் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு ஜோக் தயாராகத்தான் இருந்தது. அதை விழுங்கினார். தொண்டையில் குழாய் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"பதினெட்டு வருஷத்துல எத்தன தடவ?"

"டேப் நெறைய ஒட்டியிருக்கேன் சார். அதுல அஞ்சு தடவதான் டேப்புக்காகக் கேக்கல."

ஐந்து பேர். அவர்கள் எழுந்து, நடந்து, வீட்டுக்குப் போய், இப்போது எங்கேயோ யாருடனோ சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருப்பார்கள். போகும்போது ஐந்து பேரும் இவர் கையைப் பிடித்துத்தான் நன்றி சொல்லியிருப்பார்கள். இவரும் தன் பழைய வசனத்தைச் சொல்லியிருப்பார், ஒருத்தரும் வந்து புகார் சொன்னதில்லை என்று. சிஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார்.

"அந்த மாப்பிள்ள நெஜ ஆளா இருந்தா, சிஸ்டர்?"

"செத்திருப்பாரு சார்."

அவர் தயாரித்து வைத்திருந்த அந்த நல்ல வாதம் நினைவுக்கே வரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டார். விரல் இருந்த கோட்டுப் பையில் கையை விட்டார். பை காலியாக இருந்தது.

"நாளைக்கு என் மச்சானுக்குக் கல்லு எடுக்கறாங்க. அவன் வேணாம்னும் சொல்லமாட்டேங்கறான், சரின்னும் சொல்லமாட்டேங்கறான். அங்க நீங்களும் இருக்கமாட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நான் பண்ணலாமா?"

சிஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். எழுந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வேணாம் சார். நாளைக்கு அந்தப் பேசாத டாக்டர் பண்ணட்டும், நீங்க வெளிய உங்க வீட்டம்மா பக்கத்துல உக்காருங்க. அந்த மாப்பிள்ளைய இன்னும் ஒரு அஞ்சு தடவ கொன்னுட்டு வாங்க. அப்புறம் யார வேணும்னாலும் தூங்க வைங்க."